மூன்றாவது வாரத்தைத் தாண்டுவது எப்படி? தோல் புற்றுநோய்க்குக் களிம்பு போடத் தொடங்குபவர்களுக்கு

தோலில் புற்றுநோய் என்று மருத்துவர் சொன்னதும் கத்தியும் தையலும்தான் மனதில் வந்து நிற்கும். அவர் கையில் கொடுப்பதோ சிறிய களிம்புக் குழாய் ஒன்று. ‘அப்பாடா, இவ்வளவுதானா’ என்று வீட்டுக்குப் போனவர்களில் பாதிப் பேர் இரண்டாவது வாரக் கடைசியில் தொலைபேசியில் அழைக்கிறார்கள். முகம் சிவந்து, உரிந்து, எரிகிறது, மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்திவிடட்டுமா? ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில், தோல் பரிசோதனை அதிகம் நடக்கும் மருத்துவமனை ஒன்றில் செவிலியராக வேலை பார்ப்பதால், அழைப்பவர் பேசத் தொடங்கும்போதே எத்தனையாவது நாளில் இருக்கிறார் என்று ஓரளவு சொல்லிவிட முடிகிறது. அந்தச் சிவப்பும் எரிச்சலும் பெரும்பாலும் மருந்து வேலை செய்வதன் அடையாளம். எந்தச் சிவப்பைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், எதற்கு உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்து வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஆஸ்திரேலியாவில் 70 வயதுக்குள் மூவரில் இருவருக்கு ஏதாவதொரு தோல் புற்றுநோய் வந்துவிடுகிறது. வெளிர்நிறத் தோல், ஆண்டு முழுதும் வெயில், வயலிலும் கடற்கரையிலும் கழிந்த இளமை, எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை. இங்கே முதியோர் இல்லங்களிலும் வீட்டுப் பராமரிப்பிலும் வேலை செய்யும் நம்மவர்கள் இந்தக் களிம்பை இன்னொருவருக்குப் போட்டுவிட வேண்டியிருக்கும். சிலர் தமக்கே போட வேண்டியிருக்கும். இரு சாராரையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

எந்த நோய்க்கு, எந்தக் களிம்பு

எல்லாத் தோல் புற்றுநோய்க்கும் களிம்பு கிடையாது. மேல்தோலைத் தாண்டி ஆழமாக இறங்காதவற்றுக்கு மட்டும்தான். வழக்கமாக மூன்று. முதலாவது ஆக்டினிக் கெரடோசிஸ். இந்த ஊரில் ‘சன்ஸ்பாட்’ என்பார்கள். தொட்டால் உப்புத்தாள் போலச் சொரசொரவென்றிருக்கும் வெயில் செதில். இது இன்னும் புற்றுநோய் ஆகவில்லை, ஆகக்கூடியது. இரண்டாவது போவன் நோய்: மேல்தோலின் தட்டைச் செல்களில் தோன்றும் ஸ்குவாமஸ் செல் புற்றுநோய், மேல்தோலுக்குள்ளேயே அடங்கி நிற்கும் நிலை. மூன்றாவது, மேல்தோலின் அடியடுக்குச் செல்களில் தோன்றும் பேசல் செல் புற்றுநோயில் மேலோட்டமான வகை. நிறமிச் செல்களில் தோன்றும் மெலனோமாவுக்கோ, கட்டியாகத் திரண்ட அல்லது ஆழம் போன புற்றுநோய்க்கோ இந்த வழி பொருந்தாது. அதனால்தான் மருத்துவர் முதலில் ஒரு துணுக்குத் தோலை எடுத்துப் பயாப்சிக்கு அனுப்புகிறார். பயாப்சி முடிவு வராமல், ‘பார்த்தால் அதுமாதிரித்தான் இருக்கிறது’ என்று பக்கத்து வீட்டுக்காரரின் குழாயை வாங்கிப் பூசுவதைப் போல ஆபத்தான காரியம் வேறில்லை. மேலே தோல் ஆறிவிடும். அடியில் இருப்பது வளர்ந்துகொண்டிருக்கும்.

களிம்புகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று 5-ஃபுளோரோயுராசில், 5 சதவீதக் களிம்பாக எஃபுடிக்ஸ் என்ற பெயரில் இங்கே கிடைக்கிறது. சார்ல்ஸ் ஹைடல்பெர்கரும் கூட்டாளிகளும் 1957இல் உலகுக்கு அறிவித்த கீமோதெரபி மருந்து இது. நரம்பு வழியாக இதைப் பெற்ற புற்றுநோயாளிகள் சிலருடைய முகத்தில் இருந்த வெயில் செதில்கள் சிவந்து, பிறகு மறைந்துபோனதை மருத்துவர்கள் கவனித்தார்கள். அப்படித்தான் 1960களில் களிம்பு பிறந்தது. செல் பிரிவதற்குத் தேவையான டி.என்.ஏ. உற்பத்தியை இது தடுக்கிறது. வேகமாகப் பிரியும் கெட்ட செல்கள் அதிகம் அடிபடுகின்றன, நல்ல தோல் பெரும்பாலும் தப்பிக்கிறது. வயலில் களைக்கொல்லி அடித்த மூன்றாம் நாள், பயிருக்கு நடுவில் எங்கெங்கே களை இருந்தது என்று மஞ்சளாகக் காட்டிக்கொடுக்குமே, அதே கதைதான். நீங்கள் ஒரு செதிலைத்தான் பார்த்திருப்பீர்கள். களிம்பு போட்ட பத்தாம் நாள் பக்கத்தில் இன்னும் நாலைந்து இடம் சிவந்து நிற்கும். மருந்து புதிதாக உண்டாக்கியவை அல்ல அவை. கண்ணுக்குத் தெரியாமல் ஏற்கெனவே இருந்தவை.

இன்னொன்று இமிக்விமோட், அல்டாரா என்ற பெயரில் பலருக்குத் தெரியும். இது செல்லை நேரடியாகக் கொல்வதில்லை. அந்த இடத்தில் உடலின் நோய் எதிர்ப்புப் படையைத் தட்டி எழுப்பிவிடுகிறது. மிச்ச வேலையைப் படை பார்த்துக்கொள்கிறது. ஆகவே ஆளுக்கு ஆள் விளைவு பெரிதும் மாறும். ஒருவருக்கு லேசான சிவப்பு, இன்னொருவருக்குப் புண், காய்ச்சல், உடம்புவலி.

அறுத்து எடுப்பதைவிட இது மேலா என்று எல்லாரும் கேட்கிறார்கள். உறுதி அறுவைக்குத்தான் அதிகம். பேசல் செல் புற்றுநோயை வைத்து பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வில், ஐந்தாண்டு முடிவில் அறுவை செய்தவர்களில் 97.7 சதவீதம் பேரும், இமிக்விமோட் போட்டவர்களில் 82.5 சதவீதம் பேரும் நோயில்லாமல் இருந்தார்கள். நெதர்லாந்தில் களிம்புகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டபோது, மேலோட்டமான பேசல் செல் புற்றுநோய்க்கு ஐந்தாண்டுக் கணக்கில் இமிக்விமோட் 80.5, ஃபுளோரோயுராசில் 70 சதவீதம். ஆனால் வெயில் செதில்கள் பரவிக் கிடக்கும் முகத்துக்கு ஃபுளோரோயுராசில்தான் முந்துகிறது. ஆழமான தழும்பு இல்லாமல், அகலமான பரப்பை ஒரே மூச்சில் சுத்தம் செய்வது களிம்பின் பலம். வழுக்கைத் தலை முழுவதையும் யாரும் வெட்டி எடுக்க முடியாது அல்லவா.

தொடங்கும் முன்

மருத்துவரிடம் கேட்டுத் தாளில் எழுதி வாங்க வேண்டியவை: எந்த இடம், எவ்வளவு அகலம், நாளுக்கு எத்தனை முறை, மொத்தம் எத்தனை வாரம், இடையில் பிரச்சினை வந்தால் யாரை அழைப்பது, மறுபரிசோதனை எப்போது. கடைசி இரண்டையும் பெரும்பாலோர் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

அவரிடம் சொல்ல வேண்டியவையும் உண்டு. கர்ப்பம், கர்ப்பத்துக்கான முயற்சி, தாய்ப்பால் கொடுத்தல். டி.பி.டி. என்ற நொதி உடலில் குறைவு என்று முன்பே தெரிந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். ஃபுளோரோயுராசிலை உடைத்து வெளியேற்றுவது அந்த நொதிதான், குறைபாடு உள்ளவர்கள் இந்தக் களிம்பைப் போடக்கூடாது. உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்களும், மூட்டுவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்களும் இமிக்விமோட் தொடங்குமுன் அதைச் சொல்லியாக வேண்டும். முழங்காலுக்குக் கீழே போடுவதாக இருந்தால் சர்க்கரை நோய், கால் வீக்கம், ரத்த ஓட்டக் குறைவு பற்றிப் பேசுங்கள். அந்த இடத்தில் புண் ஆற மாதக்கணக்கில் இழுக்கும். வேறு வழியைத் தேர்ந்தெடுப்பதே நல்லது என்று மருத்துவர் முடிவு செய்யக்கூடும்.

பிறகு நாட்காட்டி. திருமணம், பயணம், வேலைக்கான நேர்முகம் எதுவும் அடுத்த இரண்டு மாதத்தில் வராதபடி தேதி குறியுங்கள். அவசரம் இல்லை என்று மருத்துவர் சொன்னால் குளிர்காலத்தில், அதாவது இங்கே ஜூன் முதல் ஆகஸ்டுக்குள் செய்வது மேல். இந்தக் களிம்பு போட்ட தோல் வெயிலைத் தாங்காது. குளிர்காலம் என்று ஏமாந்துவிடவும் கூடாது. வெயிலின் கடுமையைக் காட்டும் புற ஊதாக் குறியீடு 3ஐத் தொட்டால் பாதுகாப்பு தேவை என்பது இங்குள்ள விதி, குவீன்ஸ்லாந்தில் அது குளிர்காலத்திலும் தொடும்.

வாங்கி வைக்க வேண்டியவை அதிகமில்லை. மெல்லிய கையுறை அல்லது காதுக்குப் பயன்படுத்தும் பஞ்சுக்குச்சி, வாசனையில்லாத மென்மையான கழுவு திரவம், ஒரு டப்பா வாசலின், பாரசிட்டமால், அகல விளிம்புத் தொப்பி, கறை பட்டாலும் பரவாயில்லை என்கிற பழைய தலையணை உறைகள் நான்கைந்து.

இன்னொன்று, புகைப்படம். கரும்புத் தோட்டத்தில் ஆயுள் முழுக்க உழைத்த முதியவர் ஒருவருக்கு நெற்றியிலும் முன்கையிலும் களிம்பு. அவருடைய மனைவி செய்ததை நான் இப்போது எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். மருத்துவர் காட்டிய எல்லையைப் புருவம் தீட்டும் பென்சிலால் வரைந்து, பக்கத்தில் 20 சென்ட் நாணயம் ஒன்றை வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொண்டார். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அதே ஜன்னல், அதே நாணயம். ‘நேற்றைவிட மோசமாகிவிட்டது’ என்று கணவர் புலம்பும்போது படத்தை எடுத்துக் காட்டுவார். மறுபரிசோதனையில் மருத்துவருக்கும் அந்தப் படங்கள்தான் அதிகம் பயன்பட்டன.

போடும் முறை

ஃபுளோரோயுராசில் பெரும்பாலும் காலையும் இரவும். வெயில் செதிலுக்கு 2 முதல் 4 வாரம், போவன் நோய்க்கு 3 முதல் 4 வாரம் அல்லது அதற்கு மேல், பேசல் செல் புற்றுநோய்க்கு 3 முதல் 6 வாரம், சில வேளை இன்னும் நீளும். இவை பொதுவான அளவுகள். உங்கள் சீட்டில் எழுதியிருப்பதே உங்களுக்கான கணக்கு.

இடத்தை வெதுவெதுப்பான நீரில் கழுவி, துணியால் ஒற்றி எடுத்து, பத்து நிமிடம் காய விடுங்கள். ஈரத்தோலில் போட்டால் எரிச்சல் அதிகம். கையுறை அணிந்த விரல் நுனியிலோ பஞ்சுக்குச்சியிலோ சிறிது எடுத்து, மெல்லிய படலமாகப் பூசுங்கள். வெள்ளையாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் அதிகம் போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். கூடுதலாகப் பூசினால் கூடுதலாகக் குணமாகாது, கூடுதலாக எரியும். கண்ணிமை, மூக்குத் துவாரம், உதட்டோரம் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். மூக்கின் பக்கவாட்டு மடிப்பிலும் காதுக்குப் பின்னாலும் களிம்பு வழிந்து தேங்கும். நல்ல தோல் புண்ணாவது அங்கேதான். அந்த மடிப்புகளில் முன்கூட்டியே சிறிது வாசலின் தடவி வைத்தால் அணை கட்டியதுபோல் நிற்கும்.

முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கையுறை போட்டிருந்தாலும். இரவு களிம்பைப் படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். இல்லையென்றால் பாதி தலையணைக்கும் மீதி கண்ணுக்கும் போகும். மேலே கட்டுப் போடலாமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். காற்றுப் புகாமல் மூடினால் மருந்து அதிகம் உள்ளே இறங்கும். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளை வழக்கமான அளவே போதும்.

இமிக்விமோட் வேறு தாளம். மேலோட்டமான பேசல் செல் புற்றுநோய்க்கு வாரத்தில் 5 நாள், 6 வாரம். திங்கள் முதல் வெள்ளி வரை போட்டு, சனி ஞாயிறு விட்டுவிடுவது நினைவில் வைக்க எளிது. படுக்குமுன் பூசி, மறையும்வரை தேய்த்து, சுமார் 8 மணி நேரம் கழித்துக் காலையில் கழுவிவிட வேண்டும். கட்டியின் மேல் மட்டுமல்ல, சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கும் போட வேண்டும். ஒரு முறை பிரித்த பொட்டலத்தை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளக்கூடாது. எரிச்சல் தாங்க முடியாவிட்டால் சில நாள் இடைவெளி விட மருத்துவர் அனுமதிப்பார். விட்ட நாட்களை ஈடுகட்டுவதற்காக ஆறு வாரத்துக்கு மேல் நீட்டுவது கிடையாது.

வாரவாரமாக என்ன நடக்கும்

ஃபுளோரோயுராசிலின் போக்கு ஏறக்குறைய எல்லாருக்கும் ஒன்றுதான். முதல் நான்கைந்து நாள் ஒன்றும் நடக்காது. ‘மருந்து போலியோ’ என்ற சந்தேகம் இந்த நாட்களில் வரும்; அப்போது சிலர் அளவைக் கூட்டிவிடுகிறார்கள், கூட்டாதீர்கள். முதல் வாரக் கடைசியில் இளஞ்சிவப்பு, லேசான அரிப்பு. இரண்டாவது வாரத்தில் சிவப்பு அழுத்தமாகி, தோல் வறண்டு உரியத் தொடங்கும். மறைந்திருந்த இடங்கள் வெளிவருவதும் இப்போதுதான்.

மூன்றாவது வாரம்தான் சோதனை. மேல்தோல் கழன்று, பச்சைப் புண்ணாக, நீர் கசிந்து, பொருக்குக் கட்டும். முகம் கழுவும் தண்ணீரே காந்தும். சிரித்தால் இழுக்கும். கண்ணாடியைப் பார்க்கப் பிடிக்காது. தூக்கம் கெடும். சரி, இதற்கு மேல் முடியாது என்று நிறுத்துபவர்கள் இங்கேதான் நிறுத்துகிறார்கள். மருத்துவரும் சில வேளை, ‘போதிய விளைவு வந்துவிட்டது, நிறுத்தலாம்’ என்று இந்தக் கட்டத்தில்தான் சொல்வார். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. பச்சைப் புண் நிறுத்த வேண்டிய கட்டத்துக்கு வந்ததா, வரவில்லையா என்பதைப் பழகிய கண் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆகவே நிறுத்தத் தோன்றினால் நிறுத்துமுன் படம் எடுத்து அனுப்பிக் கேளுங்கள். என்னைக் கேட்டால், தொடங்கும் நாளிலேயே மூன்றாவது வாரத்துக்கு ஒரு சந்திப்பை முன்பதிவு செய்துவிட வேண்டும். அந்தத் தேதி நாட்காட்டியில் இருந்தாலே பலர் தாக்குப்பிடித்துவிடுகிறார்கள்.

களிம்பை நிறுத்தியதும் ஓரிரு நாள் எரிச்சல் தொடரும், பிறகு மளமளவென்று இறங்கும். இரண்டு வாரத்துக்குள் பொருக்கு உதிர்ந்து, கீழே வழவழப்பான இளஞ்சிவப்புத் தோல் தெரியும். அந்தச் சிவப்பு மங்க மேலும் ஓரிரு மாதம் ஆகலாம்.

இந்தத் துன்பத்துக்குப் பலன் உண்டா? அமெரிக்காவில் தோல் புற்றுநோய் ஏற்கெனவே வந்த 932 முன்னாள் படைவீரர்களிடம் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. முகத்திலும் காதிலும் 2 முதல் 4 வாரம் இந்தக் களிம்பைப் போட்டவர்களுக்கு, அடுத்த ஓராண்டில் அறுவை தேவைப்படும் ஸ்குவாமஸ் செல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 75 சதவீதம் குறைந்திருந்தது. புண்ணோடு உட்கார்ந்திருப்பவரிடம் நான் அடிக்கடி சொல்லும் கணக்கு இது.

இமிக்விமோட்டில் இவ்வளவு ஒழுங்கான படிகள் இல்லை. சிவப்பு, வீக்கம், பொருக்கு எல்லாம் வரும்; கூடவே சிலருக்கு ஃபுளூ வந்ததுபோல் உடம்புவலி, சோர்வு, குளிர், பக்கத்தில் நெறி கட்டுதல். முகத்தில் ஓர் இடத்தில் போட்ட களிம்புக்கு முதுகு ஏன் வலிக்கிறது என்று குழம்ப வேண்டாம். தட்டி எழுப்பிய படை உடம்பு முழுக்கச் சத்தம் போடுகிறது. லேசாக இருந்தால் ஓய்வும் பாரசிட்டமாலும் போதும். படுக்கையில் தள்ளினால் அன்றைய களிம்பை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேளுங்கள்.

எரிச்சலைத் தணிக்க

குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய பருத்தித் துணியை 10, 15 நிமிடம் போட்டு வையுங்கள். பனிக்கட்டியை நேராக வைக்காதீர்கள். துணியை எடுத்ததும் ஒற்றித் துடைத்து, களிம்பு நேரத்துக்குச் சில மணி நேரம் தள்ளி, வாசலின் தடவுங்கள். பொருக்கு இளகும், தோல் வெடிக்காது. பொருக்கைக் கிள்ளுவதுதான் பிற்காலத் தழும்புக்கு வழி. தூக்கத்தில் சொறிபவர்கள் நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளட்டும். வெந்நீர்க் குளியல், அடுப்பின் அனல், வியர்க்க வியர்க்க நடை, மதுபானம் ஆகிய நான்கும் எரிச்சலைக் கூட்டுகின்றன. தோசைக்கல் முன்னால் நிற்கிற வேலையை அந்த ஒரு மாதம் வேறு யாரிடமாவது கொடுங்கள். ஆண்கள் சவரம் செய்வதை விட்டுவிட்டு, தேவைப்பட்டால் கத்தரியால் மட்டம் செய்துகொள்ளலாம். முகப்பூச்சு, வாசனைத் திரவியம், ரெட்டினால் கலந்த கிரீம்கள் எல்லாம் ஓய்வெடுக்கட்டும்.

ஸ்டீராய்டு களிம்பு எரிச்சலை அடக்கும். மருத்துவர் சிகிச்சை முடிந்தபின் சிலருக்கு எழுதித் தருவதும் உண்டு. நடுவில் நீங்களாகப் போட்டால் எழுப்பிவிட்ட வேலையையே அமுக்கிவிடலாம்.

ஊரிலிருந்து தொலைபேசியில் அறிவுரை வரும்: மஞ்சள் பூசு, சந்தனம் அரைத்துப் போடு, கற்றாழை வை, வேப்பிலை கட்டு. அன்பில் குறையில்லை. ஆனால் கழன்று கிடக்கும் தோலில் மஞ்சளும் சந்தனமும் ஒட்டிக்கொண்டால் எளிதில் எடுக்க வராது. கிருமி சேர இடம் கொடுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அடியில் சிவப்பு பரவுகிறதா என்று பார்க்க முடியாமல் மறைத்துவிடும். ஆறி முடிந்தபின் விருப்பம்போல் செய்துகொள்ளுங்கள்.

எப்போது பொறுக்கக் கூடாது

களிம்பு போட்ட எல்லையைத் தாண்டிச் சிவப்பு பரவி, தொட்டால் சுட்டு, வலி நாளுக்கு நாள் ஏறினால், சீழ் வந்தால், தேன் நிறப் பொருக்கு புதுப்புது இடத்தில் கட்டினால், நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் கிருமித் தொற்றாக இருக்கலாம். அன்றே காட்டுங்கள். கண் வீங்கி மூடிக்கொண்டாலும், புண் குழியாகி ரத்தம் நிற்காவிட்டாலும் அப்படியே.

ஃபுளோரோயுராசில் போடுபவருக்கு வாய் முழுக்கப் புண், ரத்தத்தோடு வயிற்றுப்போக்கு, கடும் வயிற்றுவலி, வாந்தி, காய்ச்சல் வந்தால் களிம்பை அந்த நிமிடமே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். மிக அபூர்வம்தான். ஆனால் நொதிக் குறைபாடு இருப்பது தெரியாமல் இருந்து இப்படி வெளிப்படக்கூடும். போனதும் என்ன களிம்பு, எத்தனை நாளாக என்று முதலில் சொல்லுங்கள். மூச்சுத் திணறல், முகம் தொண்டை வீங்குதல் என்றால் இங்கே 000 என்ற அவசர எண்ணை அழையுங்கள்.

வீட்டில் நாய் இருந்தால்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாய், பூனைக்கு ஃபுளோரோயுராசில் கொடிய நஞ்சு. குழாயைக் கடித்தும் வேறு வழியாகவும் இந்தக் களிம்பு வயிற்றுக்குள் போன ஐந்து நாய்கள் இறந்ததையடுத்து 2017இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான எஃப்.டி.ஏ. எச்சரிக்கை விடுத்தது. நான் மேலே சொன்ன கரும்புத் தோட்டக்காரரிடம் கெல்பி இன நாய் ஒன்று இருந்தது. மாலையில் அவர் நாற்காலியில் சாய்ந்ததும் வந்து முன்கையை நக்குவது அதன் பல நாள் பழக்கம். கையில் களிம்பு போட்ட காலம் முழுக்க அது மகள் வீட்டில் வளர்ந்தது. அவ்வளவு வசதி இல்லாதவர்கள் குழாயை உயரமான அலமாரியில் பூட்டி, பஞ்சுக்குச்சியையும் கையுறையையும் முடிச்சுப் போட்ட பையில் கட்டி மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போட்டு, களிம்பு பட்ட தோலைச் செல்லப்பிராணி நெருங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பேரக்குழந்தைகள் கன்னத்தோடு கன்னம் வைப்பதற்கும் அதுவரை விடுமுறை.

வாசலின் ஊறிய துணியும் தலையணை உறையும் எளிதில் தீப்பற்றும். புகைபிடிப்பவர்களும் பூஜையறையில் விளக்கேற்றுபவர்களும் கவனமாக இருக்கட்டும். உறைகளை அடிக்கடி துவையுங்கள், ஆனால் துவைத்தால் முழுவதும் போய்விடும் என்று நம்பிவிட வேண்டாம்.

வெளியே போகும்போது

புண்முகத்தோடு வேலைக்குப் போவது உடல் வலியைவிடக் கடினம் என்று பலர் சொல்கிறார்கள். முடிந்தால் மூன்றாவது, நான்காவது வாரத்துக்கு விடுப்போ வீட்டிலிருந்து வேலையோ கேட்டு வையுங்கள். முடியாவிட்டால் நீங்களே முந்திக்கொண்டு ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்: ‘தோலுக்கு மருந்து போடுகிறேன், பார்க்கத்தான் பயங்கரம், ஒட்டாது.’ குவீன்ஸ்லாந்தில் வயதானவர்கள் பலருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. தங்கள் மூக்கைக் காட்டித் தங்கள் கதையைத் தொடங்கிவிடுவார்கள். நம் வீட்டு விசேஷங்களில்தான் ‘என்ன ஆச்சு, என்ன ஆச்சு’ என்று பத்துப் பேர் கேட்பார்கள். அந்த மாத அழைப்புகளைத் தவிர்ப்பதில் தவறேதும் இல்லை.

நம் நிறத் தோலுக்கு

கருந்தோலிலும் மாநிறத் தோலிலும் வெயில் செதில் அரிது. ஆனால் போவன் நோயும் பேசல் செல் புற்றுநோயும் வராமலில்லை. மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் ஆர்சனிக் கலந்த நிலத்தடி நீரைக் குடித்தவர்களுக்கு வெயில் படாத இடங்களிலும் போவன் நோய் வந்திருக்கிறது. படங்களில் காட்டும் செக்கச்சிவந்த தோலை எதிர்பார்க்காதீர்கள். நமக்கு அது கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ இன்னும் கருப்பாகவோ தெரியும். சில வேளை நிற மாற்றமே சரியாகத் தெரியாது. கண்ணை நம்புவதைவிடத் தொட்டுப் பாருங்கள்: சூடு, வலி, தடிப்பு, சொரசொரப்பு. ஆறியபின் அந்த இடம் கருத்தோ வெளுத்தோ பல மாதம் நிற்கும். இமிக்விமோட் போட்ட இடத்தில் நிறம் திரும்பாமலே போவதும் உண்டு. முகத்தில் போடுவதாக இருந்தால் இதைத் தொடங்குமுன்பே மருத்துவரிடம் பேசித் தீர்மானியுங்கள். வெயில் காப்புக் களிம்பு கருமையை ஓரளவு கட்டுப்படுத்தும்.

முடிந்த பின்

தோல் மூடியதும் வெயில் காப்பைத் தொடங்கலாம்: காலையில் பூசி, வெளியில் இருந்தால் இரண்டு மணிக்கொரு முறை மறுபடியும். மறுபரிசோதனைக்குக் கட்டாயம் போங்கள். வீக்கமும் சிவப்பும் முழுக்க வடிந்த பிறகுதான் நோய் போனதா என்று சொல்ல முடியும். இமிக்விமோட் என்றால் முடித்த சுமார் 12 வாரத்தில் பார்ப்பார்கள். வழவழப்பான புதுத்தோலைப் பார்த்துத் திருப்தியாகி அந்தச் சந்திப்பைத் தவறவிடுபவர்கள் உண்டு. அதே இடத்தில் பளபளப்பான மொட்டு, ஆறாத சிறு புண், அடிக்கடி ரத்தம் கசிதல், மீண்டும் சொரசொரப்பு ஏதாவது தெரிந்தால் தேதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு முறை வந்தவருக்கு வேறோர் இடத்தில் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதால் ஆண்டுதோறும், மருத்துவர் சொன்னால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, தலை முதல் கால் வரை பரிசோதனை தேவைப்படும். ஆஸ்திரேலியாவில் இருப்பவர்கள் சந்தேகம் கேட்க கேன்சர் கவுன்சிலின் 13 11 20 என்ற எண்ணை அழைக்கலாம்.

குழாயில் மிச்சம் இருக்கும். அடுத்த ஆண்டு வரும் புதுத் திட்டுக்கு ஆகுமே என்று எடுத்து வைக்கத் தோன்றும், தம்பி முதுகிலும் இதேபோல் ஒன்று இருக்கிறதே என்று கொடுக்கவும் தோன்றும். இரண்டும் வேண்டாம், புதுத் திட்டு புது நோய், அதற்குத் தனியாகப் பரிசோதனை நடக்கட்டும். கழிவறையிலோ சமையலறைத் தொட்டியிலோ பிதுக்கிவிடாமல், மூடியை இறுக்கி அருகிலுள்ள மருந்துக் கடையில் கொடுத்துவிடுங்கள். இங்கே வேண்டாத மருந்துகளை அவர்கள் இலவசமாகவே திரும்பப் பெற்றுக்கொள்கிறார்கள்.